இரட்டை மடிப்பு

அந்தத் தெருவில் அவருக்கு ஆகட்டும் மெக்கானிக் என்று பெயர். ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவர். யார் என்ன கேட்டாலும் முழுதாகக் காதில் வாங்குவதற்கு முன்னால் "ஆகட்டும்" என்று சொல்லிவிடுவார். ஒரே காலையில் மூன்று வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, மூன்றுக்கும் போகாமல் போனை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்துக் கிடந்த நாட்கள் உண்டு. மறுநாள் போய் நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். திட்டக் காத்திருந்தவர்களும் டீ போட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். தங்கமான மனுஷன் என்றுதான் ஊரில் பேச்சு. அவர் மனைவியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த மழைக்காலம் வரைக்கும்.

அவள் தையல்காரி. கடையில் எல்லாம் தைத்தே கிடைக்கிற காலத்தில் புதுத்துணி எடுத்துக்கொண்டு யார் வருகிறார்கள்? ஜிப் மாற்ற வருவார்கள், கால்சட்டை நீளத்தைக் குறைக்க வருவார்கள். அதோடு சக்கர நாற்காலி செய்கிற பட்டறை ஒன்றுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பட்டறை முதலாளியம்மா, அவள் கத்தரிக்கோல் பிடித்துப் போகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தக் கையில கார்பன் துணியைக் குடுத்தா என்ன ஆகும்னு பாக்கணும் போல இருக்கு," என்றாள். "எங்க கூடு போடற ஆளு வேலையை விட்டுட்டுப் போறான். கத்துக்கறீங்களா?"

கூடு என்றால் நாற்காலியில் உட்காருகிற பகுதி. இடுப்பையும் முதுகையும் தாங்கிப் பிடிக்கிற மாதிரி வளைந்த ஓடு, கார்பன் இழையில் நெய்த துணியைப் பசை தடவி இறுகவைத்துச் செய்தது. கறுப்பு மினுமினுப்பாக, கையில் எடுத்தால் பிஞ்சுக் குழந்தையின் எடைகூட இருக்காது. ஆனால் ஒரு ஆள் அதில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டறையில் நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்ல கூடு. டொக்கென்று கேட்டால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, என்றைக்காவது விரிசல் விடும் என்று அர்த்தம்.

"குறையில்லாம ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. அப்புறம் இந்த வேலை முழுசும் உங்களுக்குத்தான்," என்றாள் முதலாளியம்மா. பட்டறையிலேயே சில நாள் உட்காரவைத்துச் சொல்லியும் கொடுத்தாள். அச்சுக்கு மெழுகு பூசுவது, பசையும் அதைக் கெட்டியாக்குகிற இறுக்கியும் அளந்து கலப்பது, கலந்ததைத் தூரிகையால் தடவித் துணியை அடுக்கடுக்காகப் படியவைப்பது, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரமெல்லாம் பசை டேப்பால் ஒட்டிப் பையாக்குவது, பம்ப்பை வைத்துப் பைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சுவது. காற்று போனால் வெளிக்காற்று பையை அமுக்கும், பை துணியை அமுக்கும், உள்ளேயிருக்கிற குமிழியெல்லாம் வெளியேறும். பசை கல்லாக இறுகும்வரை பம்ப் நிற்கக் கூடாது. அதுதான் மொத்தக் கதையும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். வாசல் பக்கத்து ஷெட் வேண்டும் என்றாள். அவர் "ஆகட்டும்" என்றார். செத்துப்போன ஃபிரிட்ஜ்களையெல்லாம் அவரே வெளியே இழுத்துப் போட்டுத் தரையைக் கழுவிவிட்டார். ஏசிக் குழாயிலிருந்து காற்றை எடுக்கிற தன்னுடைய பம்ப்பையே அவளுக்குக் கொடுத்தார். தெருவில் எல்லோரிடமும், "எங்க வீட்டம்மா இனிமே கார்பன் இன்ஜினியர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளூர இனிப்பாகவும் இருந்தது.

முதல் கூடு அவள் தப்பாலேயே கெட்டது. இத்தனை வருஷத் தையல் புத்தி, பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து ஒட்டிவிட்டாள். பம்ப்பைப் போட்டதும் தாள் விறைத்துக்கொண்டு அச்சின் மூலைக்குள் இறங்காமல் பாலம் மாதிரி நின்றுவிட்டது. முதலாளியம்மா போனில் சிரித்தாள். "உடம்பப் பிடிக்கிற சட்டை தைக்கறீங்களா? தொளதொளன்னு விடுங்கம்மா. சுத்தி நிறைய மடிப்பு வெச்சு ஒட்டுங்க. பள்ளத்துக்குள்ள போறதுக்குத் தாள் மிச்சம் இருக்கணும்."

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் கணவரிடம் சொன்னாள், "இன்னும் ரெண்டு தடவை பாப்பேன். வரலைன்னா இது நமக்கு ஆகாதுன்னு விட்டுட்டுப் பழையபடி ஜிப் மாத்தப் போறேன்." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே "ஆகட்டும்" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது கூட்டுக்கு மடிப்பெல்லாம் அளந்து வைத்து ஒட்டினாள். பம்ப் ஓட ஓட, பை ஈரச்சட்டை மாதிரி அச்சோடு ஒட்டிப்போனது. மீட்டர் முள் கீழே இறங்கி அசையாமல் நின்றது. மெக்கானிக் குனிந்து பையின் ஓரம் முழுக்கக் காதை வைத்துக் கேட்டார். ஆயுசெல்லாம் கேஸ் கசிவு தேடிய காது அது.

"பொட்டுக் காத்து போகல. பிரமாதம்," என்றார். "காலையிலேருந்து நின்னுட்டே இருக்கே. போய்ச் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்."

அவள் போனாள். சாப்பிட்டாள், அசந்து தூங்கியும் போனாள். வந்து பார்த்தபோது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, முள் கீழேயே இருந்தது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அச்சிலிருந்து கழற்றினால், ஊசி குத்தினாற்போல் மேலெல்லாம் துளை. தட்டினால் டொக்கு டொக்கு என்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"விடும்மா. எங்கயோ கண்ணுக்குத் தெரியாத கசிவு. தேடிடலாம்," என்றார். அடுத்த நாள் வேலைக்கே போகவில்லை. வெறும் அச்சின்மேல் பையை ஒட்டி, பம்ப்பைப் போட்டு, அவளோடு சேர்ந்து முட்டி போட்டு ஓரம் ஓரமாகத் தேடினார். குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு கிளிப்பை மாற்றினார். "இங்கதான் இருந்திருக்கும்," என்றார். அவர் முழங்காலில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு இளகிப்போனது. எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவதுக்கும் அவரே காவல் இருந்து அவளைச் சாப்பிட்டுப் படுக்க அனுப்பினார், அதுவும் அப்படியே ஆனது. அதே டொக்கு டொக்கு.

ஆனால் இந்த முறை ஒன்று அவள் கண்ணில் பட்டது. கூட்டின் ஓரத்தில் வழிந்து இறுகியிருந்த பசையில், பையின் மடிப்புகள் வரப்பு வரப்பாகப் பதிந்திருந்தன. உரித்தெடுத்த பையை அதன்மேல் திரும்ப வைத்துப் பார்த்தாள். வரப்பு ஓரிடத்தில் இருந்தது, பையின் மடிப்பு வேறிடத்தில் இருந்தது. தேய்த்த கால்சட்டையைச் சரியாக மடிக்காமல் இன்னொரு தடவை தேய்த்தால் இரண்டு கோடு விழும். தையல்காரிக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அந்த மாதிரி இருந்தது.

"ஏங்க, ஒரு தடவை உறிஞ்சின பை, தானா எழுந்து திரும்ப மடியுமா?" என்று கேட்டாள்.

"பசை இறுகற சூட்டுல பிளாஸ்டிக் நகரும்மா," என்றார்.

காற்று விஷயத்தில் அவருக்குத் தெரியாததா? நம்பினாள். தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். அந்த வாரம் பள்ளிக்கூடப் பாவாடை ஒன்றுக்கு ஓரம் மடிக்கும்போது திரும்பத் திரும்ப அளந்து பார்த்தாள். அளந்தும் வெட்டப் பயந்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

முதலாளியம்மா கோபப்படவில்லை. "இன்னும் ஒண்ணு பாருங்க. அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாதும்மா. நாற்காலிக்குக் காத்துக்கிட்டு ஆளுங்க படுக்கையில கிடக்காங்க. வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன்," என்றாள்.

எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தாள். குழந்தைக்குச் சட்டைக் கழுத்து இறுக்குகிறது, கொஞ்சம் விட்டுத் தைக்க வேண்டும் என்று இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, அடுத்து மெஷின் எப்ப ஓட்டுவீங்க?"

"ஏன்மா, ரொம்பச் சத்தமா இருக்கா?"

"சத்தத்தை விடுங்க. நடுவுல நிறுத்துவீங்கல்ல, அது எந்த நேரம்னு முன்னாடியே சொன்னீங்கன்னா இவனைக் குளிப்பாட்டித் தயாரா வெச்சிருப்பேன். அப்பதான் நல்லாத் தூங்கறான்."

"நடுவுல நிறுத்த மாட்டோமே. நிறுத்தவே கூடாதும்மா அது."

"நிறுத்தினீங்களேக்கா! போன தடவை, அதுக்கு முந்தின தடவை, ரெண்டு வாட்டியும். ரொம்ப நேரம் நின்னுச்சு. நீங்க அசந்து தூங்கிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. நான் ஜன்னல்லேருந்து, 'ரொம்ப நன்றிண்ணா, இப்பதான் புள்ள கண்ண மூடுச்சு'ன்னேன். 'உன் புள்ளைக்காகத்தாம்மா நிறுத்தினேன்'னாரு. தங்கமான மனுஷன்க்கா."

அவள் குழந்தையின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்து எவ்வளவு விடவேண்டும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது எதுவும் அதற்கப்புறம் காதில் விழவில்லை.

மதியம் அவர் வந்தார். மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிடல?"

"எதிர்வீட்டுக் குழந்தை நல்லாத் தூங்குதாமே," என்றாள்.

அவர் கை ரொட்டியில் நின்றது. "யாரு சொன்னா?"

"பம்ப்பை நிறுத்தினீங்களா?"

"அது... பம்ப்பு சூடாயிருச்சும்மா. பழைய பம்ப்புல்ல? கொஞ்ச நேரம் ஆறட்டும்னு..."

"ஆறவெக்கணும்னா வால்வை மூடிட்டு நிறுத்தணும். அப்படிப் பண்ணினா பை அசையாது. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. பை எழுந்து திரும்ப மடிஞ்சிருக்கு. குழாயைக் கழட்டிக் காத்தை உள்ள விட்டிருக்கீங்க. பசை இறுக ஆரம்பிச்சப்புறம் மாட்டிட்டு, நான் வரும்போது பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒன்றும் போடவில்லை.

"மாப்ள கேட்டாரும்மா," என்றார் கடைசியில்.

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை புருஷன். விசேஷ வீடுகளுக்கு வாடகை நாற்காலி விடுகிறவர்.

"என்ன கேட்டாரு?"

"ஷெட்டை. அவரு கிடங்கைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். நாற்காலியெல்லாம் போட இடமில்லைன்னாரு."

"எப்போ?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே."

"ஆகட்டும்னுட்டீங்க."

"தங்கச்சி வீட்டுக்காரரு. எப்படிம்மா இல்லைங்கறது?"

"அப்புறம் நான் கேட்டேன். எனக்கும் ஆகட்டும்."

"நீ ஆசையாக் கேட்டே. உங்கிட்ட மட்டும் எப்படி இல்லைங்கறது?" அவர் குரல் கெஞ்சியது. "நீயாத்தான் சொன்னே, ரெண்டு தடவை பாப்பேன், வரலைன்னா விட்டுடுவேன்னு. நீயா விட்டுட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம முடிஞ்சிரும்னு நெனச்சிட்டேன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல."

"யாருக்கும்னா, அதுல நான் கிடையாதா?"

அவர் முட்டையைக் கையில் எடுத்து, தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"எங்கூட முட்டி போட்டுத் தேடினீங்களே. நாளெல்லாம் தேடினீங்க. சோப்பு நுரை போட்டு, கிளிப்பு மாத்தி. அப்போ உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

"பாவமா இருந்துச்சும்மா."

"யாரைப் பாத்து?"

"உன்னைத்தான். நீ அழுதியா, எனக்குத் தாங்கல. அதான் கூடவே இருந்தேன்."

அவள் பளாரென்று அறைந்திருப்பாள், அவர் அதைப் பொய்யாகச் சொல்லியிருந்தால். மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இடமில்லைன்னு ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன். அப்புறம் வேற இடம் பாத்திருப்பேன். இப்ப என்ன பண்ணிட்டீங்க தெரியுமா? ஒரு பாவாடையை வெட்ட முடியலங்க எனக்கு. அளந்து அளந்து பாத்துட்டுக் கத்தரிக்கோலைக் கீழ வெச்சிடறேன். கண்ணு போயிருச்சா, புத்தி போயிருச்சான்னு நான் யோசிச்சிட்டுக் கிடக்கேன், நீங்க பக்கத்துல உக்காந்து 'விடும்மா விடும்மா'ன்னு முதுகைத் தடவறீங்க."

"தப்புதான். இன்னிக்கே மாப்ளகிட்டப் பேசிடறேன். இடமில்லைன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"ஆகட்டும்," என்றார். சொன்னதும் தனக்கே கேட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான்காவது கூடு போட்ட அன்றைக்கும் மழை. ஷெட்டுக்குள் ஈரம் ஏறக்கூடாது என்று கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டாள். அச்சுக்கு மெழுகைப் பூசித் துடைத்து, பூசித் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினாள். கார்பன் துணியை வெட்டினாள். கோணல்மாணலாக ஒரு நூல் பிரிந்தது, அதை வெட்டி எறிந்துவிட்டு மேலே போனாள். பசை தடவிய துணி கறுத்து மினுங்கிக்கொண்டு பள்ளத்துக்குள் படிந்தது. அதன்மேல் பிறகு உரித்தெடுக்கிற நைலான் துணி, அதன்மேல் மிச்சப் பசையைக் குடிக்கிற பஞ்சுத் துணி.

பையை மூட மட்டும் ஒரு ஆள் துணை வேண்டும். கலந்த பசை காத்திருக்காது. வேறு யாரைக் கூப்பிடுவது? அவரைத்தான் கூப்பிட்டாள். கையுறை போட்டுக்கொண்டு வந்து தாளின் மறுமுனையைப் பிடித்தார். அவள் மடிப்பு மடிப்பாக வைத்து டேப்பில் அழுத்திக்கொண்டே போனாள். அவர் கை பட்ட ஓரத்தையெல்லாம் அவள் இன்னொரு தடவை அழுத்திக்கொண்டு வந்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே தாளைப் பிடித்திருந்தார்.

பம்ப் ஓடியது. முள் இறங்கியது.

"நீ போய்ச் சாப்பிடேன்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் இங்கதான் இருப்பேன். நீங்க போங்க," என்றாள்.

ஸ்டூலைப் பம்ப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போய் ஆடை கட்டியது. அவளுக்குப் பசியில் வயிறு காந்தியது. எழுந்து போகக் கால் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வேன் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. மாப்பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, எந்தப் பக்கம் அடுக்கட்டும்?"

அவருக்குப் பின்னால் அவள் கணவர், பத்து நாற்காலி அடுக்கை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நின்றார். வழக்கமான அந்தச் சிரிப்பு முகத்தில் பாதி வந்து நின்றிருந்தது.

"உங்க மச்சான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா தம்பி?"

"சொன்னாரே. காலையிலதான் போன்ல பேசினோம். எடுத்துட்டு வாங்க மாப்ள, ஆகட்டும்னாரு."

காலையில்தான்! சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனதற்கு அப்புறம். அவள் கணவரைப் பார்த்தாள்.

"ஒரு ஓரமா வெச்சிக்கட்டுமேம்மா," என்றார் அவர் மெல்ல. "மழையில வந்துட்டாரு. பம்ப்பை மட்டும் ஒரே நிமிஷம் நிறுத்திட்டு, அந்தப் பக்கம் நகத்தினோம்னா..."

அவள் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். "இடமில்ல தம்பி," என்றாள். "இங்க நான் வேலை பாக்கறேன். உங்களுக்கு இந்த ஷெட்டைத் தர முடியாது. இதை அவரு உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். உங்ககிட்டச் சொல்ல வாய் வராம, குழாயைக் கழட்டி விட்டு என் வேலையை ரெண்டு தடவை கெடுத்தாரு."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், இடமில்லைன்னா நான் என்ன உங்களை அடிக்கவா போறேன்? பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல கிடங்கு ஒண்ணு வந்துச்சு. உங்களை நம்பித்தானே வேண்டாம்னு விட்டேன்? இப்ப இந்த மழையில இத்தனை நாற்காலியைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவர் நாற்காலி அடுக்கைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நனைந்துகொண்டே நின்றார். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. அவள் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கழற்றினாள். துளை இல்லை, குமிழ் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. அவள் தட்டுவதற்கு முன்னால், எங்கிருந்தோ ஓடிவந்து அவரே நாணயத்தால் தட்டினார். கணீரென்றது. திரும்பவும் தட்டினார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல, உன்னால முடியும்னு!" என்று கத்தினார். கண் கலங்கியிருந்தது. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். நடிப்பே இல்லை, அவ்வளவு சந்தோஷம். இந்தக் கூடும் கெட்டிருந்தால் இதே மனுஷன் இதே மாதிரி உண்மையாகக் கண்கலங்கி அவள் முதுகைத் தடவியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. வெறுப்பு வந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சிரிப்பை நம்பி எந்தெந்த நாளில் தூங்கப் போனோம் என்று ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்தாள்.

கூட்டைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். முதலாளியம்மா தட்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ஓரத்தை விரலால் தடவினாள்.

"அம்மாடி! இதுதான் கூடு. கசிவு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டீங்க போல."

"கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்ப இன்னிக்கே துணியும் பசையும் வண்டியில ஏத்தி உங்க ஷெட்டுக்கு அனுப்பறேன்."

"ஷெட்டுக்கு வேண்டாம்மா. இங்கயே ஒரு மேஜை குடுங்க. நான் வந்து செய்யறேன்."

"இங்கயா? ரெண்டு பஸ் மாறி வரணுமே! வீட்டுலயே ஷெட்டு இருக்கு, பம்ப்பு இருக்கு, கூடமாட ஒரு மெக்கானிக்கே இருக்காரு. இதைவிட என்ன வசதி வேணும்?"

அவள் போர்வையை நான்காக மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"இங்க பம்ப்பை ஓட விட்டுட்டு நான் சாப்பிடப் போனா, யாரும் அதைத் தொட மாட்டாங்களே?"

"இதென்ன கேள்வி?" என்று சிரித்தாள் முதலாளியம்மா. "ஓடற பம்ப்பை யாராவது தொடுவாங்களா?"

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.